ரப்பர் இல்லாத வகுப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயரே மிளகாய் டீச்சர். பால்காரர் முதல் ஹெச்.எம். வரை நான் சண்டை போடாத ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, சோப்பு டீச்சரைப் பற்றி. மூன்றாம் வகுப்பில் அ பிரிவு எனக்கு, ஆ பிரிவு அவருக்கு. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் பேசுவது எனக்குக் கேட்கும், நான் கத்துவது ஊருக்கே கேட்கும்.

அவர் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு காலி சோப்பு அட்டைப்பெட்டி. பிள்ளை தன் சொந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லைத் தப்பாக எழுதுகிறதோ, அது சரியான எழுத்தோடு ஒரு துண்டுச் சீட்டில் அந்தப் பெட்டிக்குள் போகும். தினமும் காலையில் சீட்டைப் பார்த்து, கவிழ்த்து வைத்து, பார்க்காமல் எழுத வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து சரியாக வந்தால் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நோட்டில் விழுந்த தப்பை மட்டும் அழிக்கக் கூடாது, பக்கத்தில் தேதி போட வேண்டும். அந்த வகுப்பில் ரப்பரே கிடையாது.

ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தக்காரர்களையும் தேடுவார்கள். 'நட' என்பார். நடை, நடப்பு, நடத்தை என்று பிள்ளைகள் அடுக்கும். யாராவது 'நடத்துநர்' என்று சொன்னதும், "அவரு எங்க வீட்டுக்காரர்தான்" என்பார். கணவர் பஸ் கண்டக்டர். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷமாகும். இந்தப் பக்கம் நான் "வாயை மூடுங்க" என்று என் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருப்பேன்.

அவர் ஒரு தையல்காரரின் மகள். மூன்றாம் வகுப்பில் சொல்வதெழுதுதலுக்குப் பூஜ்யம் வாங்கி வாங்கி, வருஷம் முழுக்க பெஞ்சு மேல் நின்றவர். "ஏறி ஏறி முட்டி தேஞ்சுதே தவிர எழுத்து வரலை" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது, அந்த வாத்தியாரைப் பிடித்து நாலு கேள்வி கேட்கத் தோன்றும். டீச்சரான பிறகு இருபத்தோரு வருஷமாக இந்த மூன்றாம் வகுப்பைத்தான் கேட்டுக் கேட்டு வாங்கினார். வேறு எதுவும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் டீச்சர்கள் எல்லோரும் ரப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து, பிள்ளைகளின் நோட்டில் உள்ள தப்பை அழித்து, அவர்கள் கையெழுத்திலேயே சரியாக எழுதி வைப்போம். இடது கையால் எழுதினால் அச்சு அசலாக வரும். இதற்குப் பெயர் 'நோட்டு சுத்தம்'. சோப்பு டீச்சர் மட்டும் உட்கார மாட்டார்.

"இந்தத் தடவையும் நோட்டு இப்படி இருந்தா உங்களை ஆபீசுக்கு மாத்திடுவேன். கிளார்க் வேலைக்கு ஆள் இல்ல" என்றார் ஹெச்.எம்.

"பிள்ளைங்க எழுதினதை நான் எப்படி சார் அழிக்கறது?" என்று மட்டும் கேட்டார் அவர்.

அதிகாரி வந்தார். ஹெச்.எம். அறையில் நாங்கள் இருவரும் நிற்க, எங்கள் நோட்டுகள் இரண்டு அடுக்காக மேஜையில் இருந்தன. சோப்பு டீச்சரின் அடுக்கைப் புரட்டிய அதிகாரி, "தப்பு தப்பா கிடக்குதேம்மா. இவங்க நோட்டைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரே பாடம்தானே?" என்றார்.

சோப்பு டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பாருங்க சார்" என்றார் அவர். அதிகாரிக்கு நேரமில்லை.

திங்கட்கிழமை அவர் ஆபீசில் சேர்க்கைப் பதிவேட்டைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். தடுப்பை எடுத்துவிட்டு அவர் பிள்ளைகளையும் என் தலையில் கட்டினார்கள். நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். என் வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்த ஒருத்தி எழுந்து வந்தாள்.

"டீச்சர், நோட்டு மாறிப்போச்சு."

"உன் பேர்தானே போட்டிருக்கு?"

"பேரு என்னோடதுதான். உள்ள நான் எழுதலையே."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அவள் மேல் இல்லை. எல்லாருக்கும் வெள்ளைத்தாள் கொடுத்து, பத்துச் சொல் சொல்லி எழுத வைத்தேன். அவர் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எட்டு, ஒன்பது. என் பிள்ளைகளில் ஐந்தைத் தாண்டியவர் ஒருவருமில்லை.

தாள்களைக் கொண்டுபோய் ஹெச்.எம். மேஜையில் போட்டேன். நிதானமாகப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு புது ரப்பரை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"அடுத்த மாசம் மறுபடி வர்றாங்க. உங்க தாளை மட்டும் சரிபண்ணிடுங்க" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் பியூன் எட்டிப் பார்த்தார். என்ன பேசினேன் என்று எனக்கே முழுசாக ஞாபகமில்லை. அதே வேகத்தில் அடுத்த அறைக்குப் போய், பதிவேட்டுக்கு முன்னால் இருந்த சோப்பு டீச்சரிடம், "அந்த மனுஷனை உண்டு இல்லைன்னு பண்ணிட்டேன் அக்கா" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எல்லாம் கேட்டுச்சு. அன்னிக்கும் அதே ரூம்லதான் நின்னோம். உங்க கோபத்துக்கு அன்னிக்கு என்ன லீவா?"

நான் மேஜை மேலிருந்த பதிவேட்டைப் பார்த்தேன்.

"எனக்குக் கத்த வராது. உங்களுக்கு வரும். ஒரு வார்த்தை, 'அது நான் எழுதினது சார்'னு சொல்லியிருந்தா போதும். என் பிள்ளைங்க என்கிட்ட இருந்திருப்பாங்க. போங்க, எனக்கு வேலை இருக்கு."

இருபத்தோரு வருஷத்தில் அவர் யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. காலி வகுப்பில் உட்கார்ந்து அதிகாரிக்கு எழுதினேன். எத்தனை நோட்டில், எந்தெந்தப் பக்கத்தில், எந்தச் சொல்லை நான் இடது கையால் எழுதினேன் என்று ஒன்று விடாமல் எழுதி, பத்துச் சொல் தாள்களையும் சேர்த்து, என் பெயரைப் போட்டேன். ஆத்திரத்தில் நடுவில் ஒரு சொல் தப்பாகிவிட்டது. அழிக்கவில்லை, பக்கத்தில் தேதி போட்டேன்.

பதினெட்டு நாளாகிறது, பதில் இல்லை. சோப்பு டீச்சர் இன்னும் ஆபீசில்தான் இருக்கிறார், என்னோடு பேசுவதில்லை. நேற்று இரண்டாவது கடிதம் போட்டேன். நாளை நேரில் போகிறேன்.