கொடியைக் கோழியாக்கிய கதை

எங்கள் ஊர் ஆந்திராவில், புத்தூருக்குப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தர ஒரே ஒரு வாத்தியார் இருந்தார். அந்த வருஷம் அவரும் ரிடையர் ஆகிவிட்டார். வேறு ஆள் போடாவிட்டால் பிள்ளைகளைத் தெலுங்கு மீடியத்துக்கு மாற்றிவிடுவார்கள். அக்கா மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.

ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்ற மண்டலத்துக் கல்வி அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், அவரிடம் மனுவைக் கொடுத்துத் தெலுங்கில் நாலு வார்த்தை பேச என்னைப் பிடித்தார்கள். நன்றாகப் பேசக்கூடியவர்கள் எல்லாம் கம்பெனி வேலைக்கு மெட்ராஸ் பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது புத்தூர் மார்க்கெட்டில் தக்காளி ஏலம் கூவும் நான். தக்காளிக்கு முன்னால் எனக்குப் பயமே கிடையாது.

மனுவை என் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் காகிதக் கொடியைக் குண்டூசியால் குத்திவிட்டாள் அக்கா. "தமாசு பண்ணிக்கினு நிக்காதடா. வாத்தியார் வேணும்னு கேளு, அது போதும்," என்றாள்.

கொடி ஏறியது. உள்ளே முடிந்து வைத்திருந்த சாமந்தி இதழ்கள் அதிகாரியின் வழுக்கையில் விழுந்தன. வெயில் அப்போதே சுட்டது. என் முறை வந்தது. 'நம் கொடி பறக்கிறது' என்று ஆரம்பிக்க வேண்டும். கொடிக்குத் தெலுங்கில் ஜெண்டா. ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த அந்த ஜெண்டா அந்த நேரம் பார்த்துக் காணாமல் போனது. நாக்கில் தமிழ்க் கொடிதான் வந்தது. அதையும் பயத்தில் இழுத்துவிட்டேன்.

"மன கோடி எகுருதோந்தி."

தெலுங்கில் கோடி என்றால் கோழி. நம் கோழி பறக்கிறது!

ஊரே சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே, கோழி எங்கேய்யா என்று கேட்டார். அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு மனுவை நீட்டியிருக்கலாம். அது நேற்றே குழம்பாகிவிட்டது சார் என்றேன் நான். இன்னும் சிரித்தார்கள். பயம் போய்விட்டது, அதுதான் வினை. சேவல் மாதிரி கூவிக்கூடக் காட்டினேன். அதிகாரி என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த பள்ளிக்கூடத்தில் கொடி காத்திருக்கிறது என்று ஜீப் ஏறினார். கூட்டத்தில் அக்கா மட்டும் சிரிக்காமல் நின்றிருந்தாள். அப்போதுதான் பையில் கை வைத்தேன். குண்டூசி குத்தியது. பழியை அதன்மேல் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

மனுவைப் பிறகு தபாலில் அனுப்பினோம். பதில் இல்லை. அக்கா மகள் தெலுங்கு மீடியத்தில் படித்தாள், திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் முடித்தாள், நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல பிள்ளை, வாராவாரம் கடிதம் போடுவாள், தெலுங்கில். அக்காவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். செல்போன் வரும்வரை அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒருமுறை ஹாஸ்டலிலிருந்து, காய்ச்சலாகப் படுத்திருந்தேன் அம்மா, உன் நினைப்பாகவே இருந்தது என்று எழுதியிருந்தாள். அந்த வரியை வேகமாகப் படித்துவிட்டு, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி நானாக ஒரு நையாண்டியைச் சேர்த்துப் படித்தேன்.

அக்கா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத அந்த வரிகளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு திரும்ப நீட்டினாள்.

"அவ இன்னா எழுதிக்கிறாளோ அத்த மட்டும் படிடா."