இருநூற்றுப் பதினான்காம் டிகிரியில் ஒரு மலை

டிஷ்காரர் வேலை பார்த்த இடத்தில் வேலை என்று பெரிதாக எதுவும் இல்லை. இந்த உண்மையை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் டிஷ்காரர், மற்றவர் அவருடைய மனைவி. முதலாமவர் அதை வெளியே சொன்னதில்லை. இரண்டாமவர் சொல்லாத நாளில்லை.

கம்பிவேலி போட்ட அரை ஏக்கர் நிலம். நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை டிஷ். பக்கத்தில் ஏசி போட்ட ஒரு சின்ன அறை. ஏசி உள்ளே இருந்த இயந்திரங்களுக்கு. டிஷ்காரருக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மேலே சுற்றும் செயற்கைக்கோள்களுக்குச் சொந்தக்காரர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் சொந்தமாக டிஷ் வைத்துக்கொள்ள முடியாது. விசேஷத்துக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு எடுப்பதுபோல, இந்த டிஷ்ஷை நிமிடக் கணக்கில் இணையத்தில் முன்பதிவு செய்துகொள்வார்கள். குறித்த நேரத்தில் செயற்கைக்கோள் அடிவானத்தில் எழும். டிஷ் தானே அதன் பக்கம் முகத்தைத் திருப்பி, பத்து நிமிடம் அது போகும் திசையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்து, அது அனுப்பும் படங்களை வாங்கி, கிளவுடில் ஏற்றிவிடும். சொந்தக்காரர் தன் ஊரில் காபி குடித்துக்கொண்டே படத்தைத் திறந்து பார்ப்பார். இந்த ஏற்பாட்டில் மனிதக் கை எங்கும் படாது என்பதுதான் கம்பெனியின் விளம்பரமே.

அந்த மனிதக் கை டிஷ்காரருடையது. புல் வெட்டுவது, டிஷ்ஷில் காக்கை எச்சம் துடைப்பது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போடுவது. இவற்றை ஏழு வருடமாக ஒரு ராணுவ அதிகாரியின் கண்டிப்போடு செய்து வந்தார். காக்கை வந்து உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் நோட்டில் குறித்தார். தெருவில் யாராவது, "அண்ணே, எங்க வீட்டு டிவியில ஆறாவது சேனல் புள்ளி புள்ளியா வருது, கொஞ்சம் பாருங்களேன்" என்றால், "நம்மளுது அந்த ரகம் இல்ல தம்பி" என்று மட்டும் சொல்லி, விண்வெளியின் மீதி விவரங்களை அவன் கற்பனைக்கு விட்டுவிடுவார்.

கம்பெனிக்குச் சொந்தமாக நூற்றுச் சொச்சம் டிஷ்கள். பலவற்றில் ஆளே கிடையாது. கேமராவை வைத்து ஆளை எடுத்துவிட்டார்கள். ஆள் மிச்சமிருந்த சில இடங்களில் இதுவும் ஒன்று. தன்னை எடுத்துவிட ஒரு சின்னக் காரணம் போதும் என்பது டிஷ்காரருக்குத் தெரியும். ஐம்பத்தொரு வயதில், காக்கை துரத்திய அனுபவத்தோடு வேறு எங்கே போய் வேலை கேட்பது? ஆகவே காரணம் எதுவும் கிடைக்காதபடி வாழ்ந்தார். மாடி கட்டும் வரை.

அவர் வீடு வேலிக்கு அந்தப் பக்கம், டிஷ்ஷிலிருந்து நாற்பது மீட்டர். மனைவி தையல்காரர். கூடத்தில் இரண்டு தையல் மிஷின், கட்டில் மேல் பள்ளிச் சீருடைகள், நாற்காலிமேல் யாரோ ஒருவர் சட்டையின் அரைக் கை. சோற்றில் கல் இருக்கிறதா என்று மற்றவர்கள் பார்ப்பார்கள்; டிஷ்காரர் குண்டூசி இருக்கிறதா என்று பார்ப்பார். கல்யாணமான முதல் வருடத்திலிருந்து அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: மாடியில் தையலுக்கென்று ஓர் அறை. இருபத்திரண்டாவது வருடத்தில் அது நடந்தது. கட்டியவர் மனைவியின் தம்பி, கொத்தனார். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று மாலைதான் அந்தக் காலாண்டுச் சான்றிதழும் வந்தது. 'நிலையத்தைச் சுற்றி ஐந்து டிகிரிக்கு மேல் உயரும் புதிய தடை எதுவும் ஏற்படவில்லை என உறுதியளிக்கிறேன்.' கையிலிருந்த சிமெண்டுக் கறையைத் துடைத்துவிட்டு டிஷ்காரர் கையெழுத்துப் போட்டார்.

இதில் மோசடி எதுவும் இல்லை. ஏழு வருடமாக அவர் வீட்டிலிருந்து டிஷ்ஷைப் பார்த்திருக்கிறார். டிஷ்ஷிலிருந்து வீட்டைப் பார்த்ததில்லை. சொந்த வீட்டை யார் தடை என்று நினைப்பார்கள்?

டிஷ் நினைத்தது. ஒரு மாதத்தில் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. திசைமானி இருநூற்றுப் பதினான்கு டிகிரியில், அதாவது தென்மேற்கில், எழும் செயற்கைக்கோள்கள் முதல் நாற்பது விநாடி டிஷ்ஷின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எட்டு டிகிரி உயரத்துக்கு ஏதோ மறைக்கிறது. நிலையக் காப்பாளர் நேரில் கண்டு படிவத்தை நிரப்பவும். டிஷ்காரர் டிஷ்ஷின் அடியில் போய் நின்று, போனில் திசைமானியைத் திறந்து, இருநூற்றுப் பதினான்குக்குத் திரும்பினார். அங்கே புதுப் பச்சைச் சுண்ணாம்போடு, ஜன்னலில் பூப்போட்ட திரையோடு, அவருடைய இருபத்திரண்டு வருட இல்லறம் நின்றுகொண்டிருந்தது.

"ஐயய்யோ" என்றார் டிஷ்காரர். அது படிவத்தில் எழுதக்கூடிய பதில் அல்ல.

படிவத்தில் 'தடையின் வகை' என்று கேட்டு மரம், மலை, கட்டடம் என மூன்று கட்டங்கள். நேர்மையாளரான அவர் கட்டடத்தைத்தான் முதலில் தொட்டார். உடனே கீழே பதினொரு கேள்விகள் முளைத்தன. உரிமையாளர் யார், உங்களுக்கு என்ன உறவு, எப்போது கட்டப்பட்டது, கட்டும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள். விரலைச் சுட்டுக்கொண்டவர்போல எடுத்துவிட்டு மரத்தைத் தொட்டார். 'எப்போது வெட்டுவீர்கள்?' என்று கேட்டது. மிச்சமிருந்தது மலை. அதற்கு ஒரே ஒரு கேள்விதான்: 'பெயர் உண்டா?'

'இல்லை' என்று எழுதி அனுப்பினார்.

மறுநாளே நன்றி வந்தது. வரைபடத்தில் மலை ஏறிவிட்டது. அந்தத் திசையில் இனி எட்டு டிகிரிக்கு மேல்தான் முன்பதிவு. வாடிக்கையாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஏழு வருடத்தில் ஒரு மலை கண்ணில் படாமல் போனதெப்படி என்று கேட்க அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்பதற்கென்று ஒரு கட்டம் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். டிஷ்காரர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் மச்சான் மாடி அறையின் தலையில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றி வைத்தார்.

"மாப்ள, இது எதுக்கு இவ்ளோ பெருசு?" என்றார் டிஷ்காரர், தொட்டியையும் டிஷ்ஷையும் மாறி மாறிப் பார்த்து.

"அக்கா கேட்டாங்க மாமா. இஸ்திரி போடத் தண்ணி வேணும்ல? இன்னும் ஒரு அடி தூக்கி வெச்சா பிரஷர் நல்லா வரும், வைக்கட்டா?"

"வேணாம்! இதுவே நல்லாத்தான் இருக்கு."

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. 'பெயரில்லா மலையின் உயரம் ஒரே நாளில் இரண்டு டிகிரி கூடியுள்ளது. காரணம் தெரிவிக்கவும்.' டிஷ்காரர் மூன்று மணி நேரம் யோசித்தார். பிறகு, 'கவனித்து வருகிறேன்' என்று பதில் போட்டார். இதைவிடப் பொறுப்பான பதிலை எந்த அரசாங்கமும் தந்ததில்லை.

தலைமையகம் கலங்கியது. நாற்பது மீட்டரில் மலை வளர்கிறதென்றால் நிலமே அசைகிறது. நிலம் அசைந்தால் டிஷ்ஷின் அடித்தளம் சாயும். சாய்ந்தால் நிலையத்தையே மூடிவிட வேண்டியதுதான். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, முக்காலியும் மட்டம் பார்க்கும் கருவியும் மஞ்சள் தலைக்கவசமுமாக ஒரு பொறியாளர் வந்து இறங்கினார். முப்பது வயதுப் பெண். அதிகம் பேசாதவர்.

அடித்தளத்தை நான்கு பக்கமும் மட்டம் பார்த்தார் பொறியாளர். ஒரு மயிரிழைகூடச் சாயவில்லை. நிமிர்ந்து தென்மேற்கே பார்த்தார்.

"மலை எங்க சார்?"

"பின்னாடி மேடம்."

"எதுக்குப் பின்னாடி?"

"அந்தா, அந்த வீட்டுக்குப் பின்னாடி. வீடு மறைக்குது."

"ஓஹோ. மலைய வீடு மறைக்குதா? அது யார் வீடு?"

"யாரோ… குடும்பம் மேடம்."

அந்த நேரம் பார்த்து மாடி ஜன்னலின் பூப்போட்ட திரை விலகியது. கழுத்தில் டேப் தொங்க ஒரு தலை எட்டிப் பார்த்து, அரை ஏக்கருக்கும் கேட்கும் குரலில் கூவியது: "ஏங்க! தொட்டி வழியுது பாருங்க! நாற்காலிய விட்டு எழுந்து வந்து மோட்டார ஆஃப் பண்ணுங்க!"

பொறியாளர் மட்டம் பார்க்கும் கருவியை உறையில் போட்டு மூடினார்.

"மலை உங்கள ஏங்கன்னு கூப்பிடுது சார்" என்றார்.

ஐந்து நிமிடத்தில் மூவரும் மாடி அறையில் இருந்தார்கள். மனைவி நாற்காலியிலிருந்த சீருடைகளை அள்ளிவிட்டுப் பொறியாளரை உட்காரவைத்தார். படிவத்தின் நகலை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"இருபத்திரண்டு வருஷம் கெஞ்சிக் கட்டின ரூம். இத மலைன்னு எழுதியிருக்கீங்க."

"அது… வேற கட்டம் இல்லம்மா."

"சரி, எழுதினதுதான் எழுதினீங்க. பேர் உண்டான்னு கேட்டதுக்கு இல்லன்னு போட்டிருக்கீங்களே, என் பேர் நெனப்புல இல்லியா?"

டிஷ்காரர் குனிந்து தரையில் கிடந்த ஒரு குண்டூசியைப் பொறுக்கினார். பொறியாளர் குறுக்கிட்டார். "அம்மா, விஷயம் அது இல்ல. புதுத் தடை எதுவும் இல்லன்னு சார் கையெழுத்துப் போட்டிருக்கார். அது பொய்னு நான் எழுதினா அவருக்கு வேலை போயிடும். ரூம இடிச்சுட்டா, தடை இருந்துச்சு, எடுத்தாச்சுன்னு எழுதிடலாம். வேலை தப்பிக்கும்."

மனைவி ஜன்னலோரம் நறுக்கி வைத்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். அறையைக் காலி செய்யத் தொடங்கியவர் மாதிரி இருந்தது. காக்கையை எப்போது விரட்டுவது என்பதைத் தவிர எதையும் தானாக முடிவு செய்திராத டிஷ்காரர் அப்போது எழுந்து நின்றார்.

"மேடம், நீங்க எழுதிக்கோங்க. கட்டினது நானு, கையெழுத்துப் போட்டது நானு, மலைன்னு சொன்னதும் நானு. வேலை போனா போகட்டும். ரூம் இருக்கட்டும்."

மனைவியின் கை நின்றது. "போதும், உக்காருங்க" என்றார் மெதுவாக. அந்த வீட்டில் அது பெரிய பாராட்டு.

பொறியாளர் மடிக்கணினியைத் திறந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுவதென்றே முடிவு செய்திருந்தார். ஆனால் மலையைக் கட்டடமாக மாற்றப் போனால் கணினி சம்மதிக்கவில்லை. ஒருமுறை பதிவான மலையை மாற்ற வரைபடப் பிரிவின் அனுமதி வேண்டுமாம். போன் போட்டார். வரைபடப் பிரிவு, மலை நீங்கியதற்கு நிலநடுக்க அறிக்கை கேட்டது. நிலநடுக்கம் இல்லை என்றதும், அப்படியானால் மலை இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்றது. சட்டப் பிரிவு, உரிமையாளர் இல்லாத மலைக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது என்றது. வாடிக்கையாளர் பிரிவு, எட்டு டிகிரிக்கு எல்லாரும் சம்மதித்து ஒப்பந்தம் மாறிவிட்டது, தயவுசெய்து எதையும் தொடாதீர்கள் என்றது. முக்கால் மணி நேரம் கழித்துப் பொறியாளர் மடிக்கணினியை மூடினார். தலைக்கவசம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இருக்கட்டும் சார். மலையாவே இருக்கட்டும். நிலம் உறுதியா இருக்கு, அது உண்மை. அத எழுதிடறேன். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க மேடம்!"

"இனிமே வளரக்கூடாது. நாலு பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செயற்கைக்கோள் எழும்புது. அதுக்குள்ள தொட்டி கீழ இறங்கணும்."

கொத்தனார் மச்சான் வரவழைக்கப்பட்டார். "ஏத்தும்போது சொல்லியிருக்கலாம்ல மாமா?" என்று கயிறு கட்டும்போது ஒருமுறையும், இறக்கும்போது நான்கு முறையும் கேட்டார். மூன்று ஐம்பதுக்குத் தொட்டி கொல்லைப்புறத்தில் இருந்தது. நான்கு பத்துக்கு எழுந்த செயற்கைக்கோள் தன் படங்களை ஒன்று விடாமல் கொடுத்துவிட்டுப் போயிற்று. உயரம் குறைந்ததற்குக் காரணம் கேட்டுத் தலைமையகம் அன்றே எழுதியது. 'மண்ணரிப்பு' என்று பொறியாளரே பதில் போட்டார்.

டிஷ்காரரின் வேலை தப்பியது. கூடவே அதிகமும் ஆயிற்று. இஸ்திரிக்குத் தண்ணீரை இப்போது அவர்தான் வாளியில் மாடிக்குச் சுமக்கிறார். மாடி அறையின் மேலே கொடி கட்டித் துணி காயப்போடும் நாட்களில் கையில் செயற்கைக்கோள் நேரப் பட்டியலோடு வேலியோரம் நிற்கிறார். ஈரப் போர்வைகூட மலைக் கணக்கில் சேர்ந்துவிடும் அல்லவா?

"ஏய், இறக்கு! போர்வைய இறக்கு! நீயும் உக்காரு!"

"வந்துருச்சா?" என்று மேலேயிருந்து குரல் வரும்.

"வந்துட்டிருக்கு. அசையாத, ரெண்டு நிமிஷம்."

அந்த அம்மாள் போர்வையைக் கொடியிலிருந்து உருவி மடியில் போட்டுக்கொண்டு, கூடையில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். காலையிலிருந்து மிஷின் மிதித்த கால்களை நீட்டிக்கொள்வார். வெள்ளை டிஷ் அவர் தலைக்கு மேலே எதையோ பார்த்தபடி மெல்லத் திரும்பும்.

"போயிடுச்சு, எழுந்துக்கோ!" என்று டிஷ்காரர் கத்துவார்.

"அடுத்தது எப்போ?"

"இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகும்."

"அவ்ளோ நேரமா? கொஞ்சம் அடிக்கடி வரச் சொல்லுங்க."