பெடலில் இருந்த கால்

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் எங்களுடையது. பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க என் கணவருக்கு நான்தான் துணை. நான் பெடலை மிதிப்பேன். அவர் சக்கரத்தடியில் படுத்து, காற்று வெளியேறும் சின்ன நிப்பிளை ஸ்பேனரால் திறந்து மூடுவார்.

"நான் விடுன்னு சொல்லாம காலை எடுத்துறாத புள்ள, மறுபடி காத்துப் புகுந்துரும்" என்பார். ஒருமுறை எடுத்துவிட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அன்று பிரேக்குக்குப் புது மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருந்தார். மூன்று சக்கரம் முடிந்து, கடைசிச் சக்கரம். மிதித்தேன். அவர் குரல் வரவேயில்லை. கால் மரத்துவிட்டது. "பீடி பத்தவச்சுட்டீகளாக்கும்?" என்று எரிந்து விழுந்தேன், காலை மட்டும் எடுக்கவில்லை.

பால்காரர் வந்து பார்த்துக் கத்திய பிறகுதான் இறங்கினேன். மாரடைப்பு என்றார்கள். அவர் கையில் ஸ்பேனர் இருந்தது. நிப்பிளை முழுசாக இறுக்கியிருந்தார். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைதான் பாக்கி.