மூன்று விநாடிச் சரிவு

ரயில் ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்தாறு வருடமாகப் புறநகர் ரயில் ஓட்டுகிறார். அவர் வண்டியை நிறுத்தினால், உள்ளே நிற்பவர் கையிலிருக்கும் காபி தளும்பாது. “நின்னாச்சா, இன்னும் ஓடுதா?” என்று கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கேலி பேசுவார்.

வேகம் உடம்புக்குத் தெரியாது என்பது அவர் கண்டுகொண்ட ஞானம். எழுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போகும்போது ஜனங்கள் நின்றபடியே தூங்கி வழிவார்கள். வேகம் கூடினாலோ குறைந்தாலோதான் விழித்துக்கொண்டு கம்பியைப் பிடிப்பார்கள். அந்தக் கூடுதலையும் குறைதலையும் யாருக்கும் தெரியாமல் செய்வதுதான் தொழில் என்பார்.

அப்பேர்ப்பட்டவரின் வண்டியில் பன்னிரண்டு நாளுக்கு முன் ஒரு பெரியவர் அடிபட்டு இறந்துபோனார். காலை பத்து மணி, வளைவு முடிகிற இடம், தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தவர். அன்றிலிருந்து நிதானம் மரத்துப்போயிருந்தார். சாப்பிடுங்கள் என்றால் சாப்பிட்டார். குளியுங்கள் என்றால் குளித்தார். ஒருநாள் மனைவி சமையலில் உப்புப் போட மறந்துவிட்டாள். மனுஷன் வாயைத் திறக்காமல் தட்டைக் காலி செய்தார். அடுப்படியில் போய் அழுதது அவள்தான். அவருக்கு அழுகையே வரவில்லை.

“எதையும் பாக்கல. திடீர்னு சத்தம் கேட்டுச்சு” என்பதுதான் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில். பிரேக் போட்டாரா? அதுவும் நினைவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றக் கையையாவது அசைத்தேனா என்ற ஒரே கேள்விதான் அவருக்குள் மிச்சமிருந்தது.

விசாரணை அறையில் ஒரு மேசை, நாலு நாற்காலி, ஓடாத மின்விசிறி. அதிகாரி வண்டியின் வேகப் பதிவுத் தாளை விரித்து ஓரிடத்தில் விரலை ஊன்றினார்.

“அடிபட்ட இடம் இது. வேகம் அறுபத்தேழு. இவ்வளவு வேகத்துல போற வண்டிக்குப் பிரேக் போட்டதா எப்படிய்யா எழுதறது?”

மெத்தப் படித்தவர். கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார், எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவில்லை. நிதானம் சுவரைப் பார்த்தபடி தலையாட்டினார். தூக்கில் போடுகிறேன் என்றாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பார்.

பதிவுப் பிரிவிலிருந்து வந்து பக்கத்து நாற்காலியில் இருந்த, இந்தத் தாள்களைப் படிப்பதே வேலையாக இருக்கும் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார்.

“சார், வேகம் எவ்வளவுன்னு பாக்காதீங்க, வேகம் என்ன ஆகுதுன்னு பாருங்க. இதுவரைக்கும் எழுபத்தஞ்சு, படுத்த கோடு. இங்கேருந்து சரியுது. செகண்டுக்கு மூணரை, நாலு குறையுது. முழு பிரேக் போட்டாத்தான் இப்படிச் சரியும். பள்ளிக்கூடத்துல முடுக்கம்னு படிச்சோமே, அதோட எதிர்ப்பக்கம்.”

“அப்புறம் ஏன் இன்னும் அறுபத்தேழு காட்டுது?”

“பிரேக் போட்ட உடனே வேகம் போயிடுமா சார்? இது நிக்க இன்னும் இருபது செகண்ட் ஆகும். வேகம் நிறைய இருக்கும்போதே அது குறைஞ்சுக்கிட்டும் இருக்கும்.” பிறகு நிதானத்தின் பக்கம் திரும்பினார். “சரிவு ரெண்டு செகண்ட், பிரேக் பிடிக்க ஒரு செகண்ட். அண்ணே, நீங்க மூணு செகண்ட் முன்னாடியே கைப்பிடியைத் திருப்பியிருக்கீங்க.”

அதிகாரியின் முகத்தில் அசடு வழிந்தது. ஓட்டுநர்மீது குறையில்லை என்று எழுதி நீட்டினார். நிதானம் கையெழுத்துப் போட்டார். சந்தோஷம் வந்ததா என்றால், அதுவும் இல்லை.

மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள்.

“என்னங்க சொன்னாங்க?”

“பிரேக் போட்டிருக்கேனாம். மூணு செகண்ட் முன்னாடியே.”

“நான்தான் சொன்னேனே, உங்க மேல தப்பு இருக்காதுன்னு! வயித்துல பாலை வார்த்தீங்க.”

செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“பாக்காம எப்படிம்மா பிரேக் போட்டிருப்பேன்?”

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூணு செகண்டும் பாத்திருக்கேன். அந்தப் பெரியவர் ஓடக்கூட இல்ல. பஸ்ஸை நிறுத்தறவங்க மாதிரி என்னைப் பாத்துக் கையைக் காட்டினாரு.”