சீலாவின் வாயில் முத்து, மச்சினன் வாயில் வசனம்

சினிமாக்காரர்களுக்குப் படகும் ஆட்களும் பிடித்துக் கொடுக்கிற தொழிலில் ஊர் முழுக்கப் படத்தில் வரும், நாம் மட்டும் வரமாட்டோம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டுப் பசியோடு வீடு திரும்பியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்.

ஒரே ஒரு வசனம்

ஹைதராபாத்திலிருந்து ஒரு தெலுங்குப் படக்குழு எங்கள் கடற்கரை ஊரான தருவைகுளத்துக்கு வந்தது. சிரிப்புத் திருட்டுக் கதை. மூன்று அசட்டுத் திருடர்கள் களவாடிய முத்தை ஒரு சீலா மீனின் வாய்க்குள் ஒளித்துவைக்க, அந்த மீன் ஏலத்துக்குப் போய்விடும். ஏலக்காரர் வேடம் எனக்குத்தான் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வசனம். குளியலறைக் கண்ணாடி முன்னால் கூவிக் கூவித் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒத்திகையில் நான் ஏலம் கூறியதைக் கேட்டு, வேடிக்கை பார்க்க வந்திருந்த என் மனைவியின் தம்பி சூசை சிரித்துவிட்டான். அவன் நிஜமாகவே அந்தக் கரையில் ஏலம் கூறுகிறவன். "இப்படிக் கூறணும் அத்தான்" என்று சும்மா ஒரு குரல் கொடுத்தான். டைரக்டர் உடனே அவன் தோளில் கையைப் போட்டுவிட்டார். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு எரிந்தது. டைரக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார்: "அண்ணா, நீங்க சத்தம் போடுறீங்க, இவரு மீன் விக்கிறாரு."

மூணு தரம்

கூட்டத்துக்கு நிஜ வியாபாரிகளைக் கூட்டிவந்தவனும் நானேதான். கேமரா ஓடியது. சூசை கூற ஆரம்பித்ததும் அவனுக்கும் சினிமா மறந்துவிட்டது, வியாபாரிகளுக்கும் மறந்துவிட்டது. ஒருவர் விரலைத் தூக்க, இன்னொருவர் ஏற்றிக் கேட்க, "மூணு தரம்" என்று முடித்தே விட்டான். நாங்கள் கைதட்டி ஓய்வதற்குள் அந்தச் சீலா, வாயில் இருந்த படத்து முத்தோடு ஐஸ் பெட்டிக்குள் போய், கேரளா லாரியும் கிளம்பிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. ஒழிந்தான் சூசை என்று நினைத்தேன்.

ஆனால் படக்குழுவிடம் இருந்தது அந்த ஒரே முத்துதான். ஆள் பிடித்துக் கொடுத்தவன் என்ற முறையில் என்னைத்தான் துரத்திப் போகச் சொன்னார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் பறந்து, பைபாஸில் லாரியை மடக்கினேன். மூணு தரம் சொல்லி விழுந்த மீனைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கள் கரையில் கிடையாது. ஏலம் எடுத்து லாரியிலேயே வந்த வியாபாரி கறாராகச் சொன்னார்: "மீனு எனக்கு விழுந்தது அண்ணாச்சி. வாய்க்குள்ள கெடக்கத வேணும்னா எடுத்துக்கிடுங்க."

வீட்டில் முதல் காட்சி

முத்தோடு திரும்பியபோது டைரக்டர் துளியும் கோபிக்கவில்லை. சூசையின் ஏலத்தை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு என் பின்னாலேயே ஒரு கார் கேமராவோடு வந்தது எனக்குத் தெரியாது. படம் வெளியாகி, வீட்டு டிவியில் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

சூசையின் முகம் வந்ததும் வீடே விசிலடித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்த காட்சியில் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் லாரியைத் துரத்துகிறான். நான்! ஏலத்தைவிட நீளமான காட்சி! சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி முந்திக்கொண்டாள்: "நம்ம வண்டியத் தம்பிக்கு ஓட்டக் குடுத்தியளா? எப்படிப் பறக்கான் பாருங்க!"

சினிமாவில் முகம் காட்டியவன் ஒரு காட்சியில் வந்தால் போதும், மற்றக் காட்சிகளில் நாம் உயிரைக் கொடுத்து நடித்ததற்கும் கைதட்டல் அவனுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.