அண்ணி குகைக்குள் புணைத்த இழை

என் வீட்டுக்காரருக்குத் தான் உயிர் பிழைத்த கதையைச் சொல்லவே தெரியாது. யாராவது கேட்டால், "உள்ள போனேன், வந்தேன்" என்று முடித்துவிடுவார். தறியில் உட்கார்ந்தால் வாயைத் திறக்காத மனிதர், தறியை விட்டு இறங்கினாலும் அப்படித்தான். அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும். என் வாய் சும்மா இருக்காது என்பது முள்ளிப்பட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சந்தவாசலைத் தாண்டி மலைமேல் ஏறுகிற வழியில் ஒரு குகை இருக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் அதை மூச்சுப்பாறை என்பார்கள். சித்திரை வெயிலில் அதன் வாசலில் போய் நின்றால் உள்ளேயிருந்து ஏசி போட்ட மாதிரி குளிர்காற்று வரும். மார்கழியில் போனால் நேர்மாறு. கையில் ஒரு பஞ்சை வைத்துக் காட்டினால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மலைக்கு மேலே எங்கோ இன்னொரு துளை இருக்க வேண்டும், காற்று அது வழியாகப் போய் வருகிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்தத் துளையைக் கண்ணால் பார்த்தவர் இதுவரை யாருமில்லை.

வாசலில் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். வாசலிலிருந்து வளைந்து போகிற பாதை என்பதால் கொஞ்ச தூரத்திலேயே வெளிச்சம் நின்றுவிடும். அப்புறம் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு ஓர் இடம். அங்கே பாறையில் இரண்டு சந்துகள் பிரிகின்றன. இடப்பக்கச் சந்து ஒரு சுனைக்கு இறங்குகிறது. வலப்பக்கச் சந்து குழிக்குள் போகிறது. அந்தப் பக்கம் வௌவால்கள், நாற்றம், கெட்ட காற்று. அங்கே இறங்கிய ஆடுகூடத் திரும்பியதில்லை என்று மேய்ப்பவர்கள் சொல்வார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரையில், எங்கள் தெருவே வேன் பிடித்து அங்கே போகும். வீட்டு முறைப்படி ஓர் ஆள் உள்ளே போய், சுனைத் தண்ணீரைச் சின்னச் செம்பில் மொண்டு வருவார். அதைத் தெருவில் உள்ள எல்லாத் தறிகளுக்கும் தெளிப்போம். உள்ளே போகிறவர் வழி தவறாமல் இருக்கப் பட்டு நூலை விட்டுக்கொண்டே போவார். திரும்பும்போது அதைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். உள்ளே போன நூலை மட்டும் வெளியே கொண்டுவரக் கூடாது, அது மலைக்குச் சொந்தம்.

நூலின் வெளி முனையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற உரிமை அவருடைய அக்காவுக்கோ தங்கைக்கோதான். பெண்டாட்டி பிடிக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால், பெண்டாட்டி வெளியிலிருந்து வந்தவள், கூடப் பிறந்தவளின் பிடிதான் நிற்கும் என்று ஒரு விளக்கம் வேறு. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இதில் ஆத்திரம்தான். மூன்று வேளையும் சோறு போடுகிறவளின் பிடியில் என்ன குறை என்று பல தடவை கேட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டு முறை வந்த வருஷம், அந்த முனையைப் பிடித்தவர் அண்ணி. அண்ணி என்றதும் அண்ணன் மனைவி என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரரின் அக்கா. மூத்த நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். பாவு புணைப்பது அவர் தொழில்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்கள்தான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், மிச்சமிருக்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் சேர்த்து முறுக்க வேண்டும். அதைத்தான் புணைப்பது என்கிறோம். விரல் நுனியில் துளி விபூதி தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான இழைகளையும் அப்படி முறுக்குவார் அண்ணி. அவர் இடக்கைக்காரர். ஊரெல்லாம் ஒரு பக்கம் முறுக்கினால் அவர் முறுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். அந்தக் கையால் சும்மா இருக்க முடியாது. ஒரு தடவை சேத்துப்பட்டு பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த அம்மாவின் முந்தானைக் குஞ்சம் பிரிந்திருந்தது. அந்த அம்மாவுக்கே தெரியாமல் அதை முறுக்கிவிட்டுத்தான் கீழே இறங்கினார். கேட்டால், "நானா பண்ணேன்? கை பண்ணுது" என்று சிரித்தார்.

அன்றைக்கு வெயில் ஏறியபின் என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தார். முன்பெல்லாம் விளக்கு கொண்டுபோவார்கள். இப்போது போனில் இருக்கும் லைட்தான். விளக்கென்றால் கெட்ட காற்று பட்டதும் சுடர் மங்கி ஆளை எச்சரிக்கும். போனுக்கு அந்தப் புத்தி கிடையாது. இதெல்லாம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை. "பார்த்துப் போங்க, புது போனு" என்று நானும் போனுக்குத்தான் கவலைப்பட்டேன்.

நூல் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டு இழுப்பு வந்தது. சுனையை அடைந்துவிட்டார் என்று அர்த்தம். அண்ணியும் பதிலுக்கு இரண்டு இழுத்தார். அந்த இரண்டாவது இழுப்பில்தான் நூல் தொய்ந்தது.

பல்லியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறுகிறவர் அண்ணி. அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்திலிருந்தவர் போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே தவழ்ந்தார். எனக்கே ஆச்சரியம். கொஞ்ச நேரத்தில் முழங்கையெல்லாம் சிராய்ப்போடு திரும்பி வந்தார்.

"அறுந்து பூட்டுதும்மா. சந்து பிரியுற இடத்துல, பாறை விளிம்புல உரசிகினே இருந்திருக்கு. புணைச்சுட்டேன். இழுத்துப் பார்த்தேன், கெட்டியா கீது."

எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். நானும்தான். குடிக்கத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அதை வாங்க அவர் கையை நீட்டியபோதுதான் அவர் விரலைப் பார்த்தேன்.

புணைத்த பிறகு அண்ணியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெள்ளையாக இருக்கும். விபூதி. இடுப்பில் எப்போதும் ஒரு பொட்டலம் வைத்திருப்பார். அன்றைக்கு அந்த இரண்டு விரலும் கறுப்பாக இருந்தன. முகர்ந்து பார்த்தேன். வௌவால் நாற்றம்.

"அண்ணி, நம்ம நூல் காலையில பிரிச்ச நூலு. அதுல ஏது இந்த அழுக்கு?"

நான் முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ" என்றார்.

வருஷா வருஷம் விட்டுவந்த நூலெல்லாம் உள்ளேதானே கிடக்கிறது. காற்று இழுத்துப்போன பழைய நூல் வலப்பக்கச் சந்துக்குள்ளும் ஓடியிருக்கிறது. அண்ணியின் கையில் ஒரு முனை இருந்தது. தரையில் இன்னொரு முனை தட்டுப்பட்டது. மனசு யோசிக்கும் முன் கை இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டது. இழுத்தால் கெட்டியாக நின்றதற்குக் காரணம் மறுமுனையில் தம்பி இருந்தது அல்ல. நூல் பாறையில் சிக்கியிருந்ததுதான்.

"அந்த நூல் எந்தப் பக்கம் போவுது அண்ணி?"

அவர் வலக்கையைக் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார்.

நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். தெருப் பெரியவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "கெட்ட காத்தும்மா. அவன் குழிப்பக்கம் எறங்கியிருந்தா, தேடிப் போறவங்களும் திரும்ப மாட்டாங்க. பேஜாரு பண்ணாத, இரு." இன்னொருவர் சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறித் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். வருகிறோம் என்றார்கள். ஆனால் ரோட்டிலிருந்து மலை ஏற நேரமாகுமே. நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். குகையிலிருந்து குளிர்காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

அண்ணி சட்டென்று நூலைப் பல்லால் கடிக்கப் போனார். "அறுத்துடறேன். இறுக்கமா இருந்தாத்தானே நம்ம நூலுன்னு நம்பி அந்தப் பக்கம் போவான்?"

"அறுக்காதீங்க அண்ணி! முடிச்சுக்கு இந்தப் பக்கம் நம்ம நூலுதானே? வாசலுக்கு வர்றது இது ஒண்ணுதான். விடாதீங்க."

சொன்னேனே தவிர, அது சரியா தப்பா என்று எனக்கும் தெரியாது. என் புருஷனின் உயிர் அந்த ஒற்றை இழையில் இருந்தது. அது அவரைக் குழிக்குள் இழுக்கிறதா, வாசலுக்குக் கொண்டுவருமா என்று வெளியே இருந்த யாராலும் சொல்ல முடியவில்லை.

அண்ணிமேல் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. வாய்வரை வந்தது. பெண்டாட்டி பிடித்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புருஷனாவதற்கு எத்தனையோ காலம் முன்பே என் வீட்டுக்காரர் இந்த அண்ணிக்குத் தம்பி. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அண்ணி. வந்த சொல்லை விழுங்கிவிட்டு, அவர் கைமேல் என் கையை வைத்து நூலைப் பிடித்துக்கொண்டேன். பெண்டாட்டி பிடிக்கக் கூடாது என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. அண்ணிதான் முதலில் தலையைத் தூக்கினார்.

"நூல் அதிருதும்மா."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "காத்தா இருக்கும் அண்ணி" என்றேன்.

"இல்ல. கை வருது. இதைத் தடவிகினே ஒரு கை வருது."

வாசலில் முதலில் தெரிந்தது அந்தக் கைதான். அப்புறம் புழுதி அப்பிய தலை. நாலுபேர் சேர்ந்து அவரை வெளியே இழுத்துப்போட்டோம். இருமி, வாந்தியெடுத்து, வெயிலில் கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்தார். செம்பும் இல்லை, போனும் இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அக்காவைத் தேடினார்.

"அக்கா, நீதானே புணைச்ச?"

அண்ணி பாறையோடு ஒண்டி உட்கார்ந்திருந்தார்.

வேனில் வரும்போது அவரிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சுனையில் குனிந்தபோது போன் தண்ணீருக்குள் போய்விட்டது. இருட்டில் நூலைத் தடவிக்கொண்டே மேலே வந்தால், சந்து பிரிகிற இடத்தில் முனை அறுந்து கிடந்தது. தரையைத் துழாவியபோது இறுக்கமாக ஒரு நூல் கையில் பட்டது. குளிர்ந்த தண்ணீரில் விறைத்துப்போன விரலுக்குப் புது நூலும் பழைய நூலும் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். போகப் போகத் தலை வலித்தது. நெஞ்சின்மேல் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டியது. கால் மடங்கி விழுந்தபோது, நூலைப் பிடித்திருந்த கை சட்டையில் துடைபட்டுக் காய்ந்தது. அப்போதுதான் நூல் சொரசொரவென்று இருப்பது தெரிந்தது. இது நம்ம நூல் இல்லை என்று அதைப் பிடித்தபடியே வந்த வழியில் தவழ்ந்திருக்கிறார்.

"அப்படியே வந்தா கையில முறுக்கு பட்டுது. எதிர்ப்பக்கம் ஓடுற முறுக்கு. அக்கா கைன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல நூல் வழவழன்னு இருந்துச்சு. அக்கா கையில இருந்து வர்ற நூலாச்சே, அந்த முனையில அக்கா இருக்கும்னு வந்துட்டேன்."

தன் வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். முன் சீட்டில் இருந்த அண்ணி திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு தெருவில் கூடிப் பேசி, இனி யாரும் உள்ளே போவதில்லை என்று முடிவு செய்தார்கள். வாசலில் குளிர்காற்று படுகிற இடத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன செம்புத் தண்ணீரை வைத்து எடுத்தால் போதும் என்றானது. எனக்கு அதில் முழுச் சம்மதம். சம்மதமில்லாதது அண்ணி செய்த காரியம்தான். அவர் புணைக்க வருவதை நிறுத்திவிட்டார். யார் கூப்பிட்டாலும் கை வலிக்கிறது என்றார். தெருவில் பாவு தீர்ந்த தறிகள் காத்துக்கிடந்தன. எங்கள் தறியும் அதில் ஒன்று.

ஒருநாள் காலையில் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "இன்னா அண்ணி, உங்க தம்பி தறியில உட்கார்ந்து பாட்டு கேட்டுகினு கீறாரு. ஜல்தியா வாங்க" என்றேன். "வேணாம்மா. இந்தக் கையை நம்பாத" என்றார். நான் நம்புகிறேனா இல்லையா என்று நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்தார். விபூதி தொட்டார். ஓர் இழையை முறுக்கினார். முறுக்கிவிட்டு விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது. அடுத்த இழை. மறுபடியும் விரலைப் பார்த்தார். ஒவ்வோர் இழைக்கும் இப்படியே. பேசிச் சிரித்துக்கொண்டே புணைத்துத் தள்ளுகிற கை, ஒவ்வொரு முறுக்கிலும் நின்று நின்று போனது. ஊரே பயப்படுகிற இந்த வாயில் ஒரு சொல்கூட வரவில்லை.

வாயே திறக்காத மனிதர்தான் திறந்தார். தறியின் மறுபக்கத்திலிருந்து எழுந்து வந்து, அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் புணைத்திருந்த இழையை விரலால் தடவினார்.

"நீ பார்க்காதக்கா. இருட்டுலயே நான் பார்த்துட்டேன்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் குனிந்து அடுத்த இழையை எடுத்தார். அதற்குப் பிறகு விரலைத் தூக்கிப் பார்க்கவில்லை.