அடுப்புக்கு மேலே வெடிமருந்து

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அம்மியின் மேல் ஏறி உட்கார்ந்தேன். அசதியில் அல்ல. என் கணவரை முழுதாக வைத்திருப்பதற்காக!

சிரிக்காதீர்கள். கேளுங்கள்.

எங்களுக்குக் கந்தளாயில் கொஞ்சம் வயல் இருக்கிறது. கிண்ணியாவைச் சேர்ந்த ஹனிபா நானாவும் இவரும் கூட்டாகச் செய்கிறார்கள். இவர் என்றால் என் கணவர் — பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். நெல் முற்றி, இதோ வெட்டலாம் என்றிருந்த நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கிவிட்டன. ஹனிபா நானா அதன் பெயரை வாயால் சொல்லமாட்டார். "அதுகள் நேத்தும் வந்திட்டு மாஸ்டர்" என்பார். எதுகள் என்று நாங்களும் கேட்பதில்லை.

துவக்கு இருக்கிறது. மாமனார் விட்டுப்போனது. லைசென்சும் ஒழுங்காக இருக்கிறது. தோட்டாதான் இல்லை. தின்கிற பாணுக்கே கியூவில் நிற்கிற காலத்தில் வெளிநாட்டுத் தோட்டாவை எந்தக் கடையில் போய்த் தேடுவது?

அப்போதுதான் இவருக்கு அந்த யோசனை வந்தது. மாமனார் தான் சுட்டு முடித்த தோட்டாக்களின் வெறும் கோதுகளை எறியாமல் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அவர் வாங்கிய கறுப்பு வெடிமருந்தும் ஒரு டின்னில் மிச்சம் இருக்கிறதாம். கோதுக்குள் மருந்தை அடைத்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, வாயை மூடினால் புதுத் தோட்டா! கணக்கு வாத்தியாருக்கு எல்லாமே கூட்டல்தான்.

"அந்த மருந்து உங்கட அப்பா காலத்து மருந்து. அது இப்ப எப்பிடி இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? துவக்கு வெடிச்சுதெண்டால் கண் போகும், கை போகும்" என்றேன்.

"அப்பாவும் இதைத்தான் செய்தவர். நீர் சும்மா பயப்பிடாதையும்."

சும்மாவா பயப்படுகிறேன்? இறக்கக்கண்டியில் நாங்கள் மீன் வாங்குகிற பேதுரு அண்ணர் ஒற்றைக் கையால்தான் தராசு பிடிப்பார். மற்றக் கை, மீனுக்கு எறியப்போன டைனமைட்டோடு போய்விட்டது. அன்று அவரும் மனைவியிடம் "நீர் சும்மா இரும்" என்று சொல்லிவிட்டுத்தான் கடலுக்குப் போனாராம். அந்த அக்காவே என்னிடம் சொன்னார். ஞாயிறு விடிந்ததிலிருந்து எனக்கு அந்தத் தராசுதான் கண்ணுக்குள் நின்றது.

காலையிலேயே ஹனிபா நானா ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் குசினியில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். இவர் உள்ளே வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் பரணுக்குள் கையை விட்டு, கருவாட்டுப் பெட்டிக்கும் புளிப் பானைக்கும் பின்னாலிருந்து ஒரு டின்னை எடுத்தார். கீழே அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது.

"இதென்ன?" என்றேன்.

"மருந்து."

"ஆர் இதை இஞ்சை வைச்சது?"

"நான்தான். கலியாணம் முடிச்சு இந்த வீட்டுக்கு வந்த உடனை வைச்சனான். மருந்துக்கு ஈரம் அண்டக் கூடாது, கண்டீரோ."

"அதுக்கு... அடுப்புக்கு மேலையோ?"

"நெருப்பு கீழைதானே எரியுது!"

துறைமுகக் காற்று வீசுகிற ஊர் இது. மாரி தொடங்கினால் உப்பு தண்ணீராகும். அலுமாரிக்குள் சேலை பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ஈரம் படக்கூடாதது எதுவும் பரணுக்குத்தான் போகும். கருவாடு, புளி, விதை மிளகாய்... எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆனால் வெடிமருந்தையுமா? மூத்தவளுக்குப் பால் காய்ச்சியது, தீபாவளிக்குப் பலகாரம் சுட்டது, எண்ணெய் தீப்பற்றி நான் ஈரச் சாக்கால் மூடி அணைத்தது — எல்லாம் அந்த டின்னுக்குக் கீழேதான்.

ஓர் ஆண்பிள்ளை, "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் எங்கே என்று கேட்காமல் விடாதீர்கள்!

பின்வாசலில் வைத்து டின்னைத் திறந்தார்கள். இத்தனை காலமும் என் சோற்றுப்பானை ஆவி குடித்த மருந்து, பழைய பனங்கட்டி போல இறுகிக் கிடந்தது.

"கட்டி பட்டிட்டு மாஸ்டர். பொடியாக்கினாச் சரிவரும்" என்றார் ஹனிபா நானா.

"அதுக்கென்ன, அம்மியிலை அரைப்பம்" என்றார் இவர்.

அம்மி குசினி வாசலில்தான் இருக்கிறது. அடுப்புப் பொறி பறந்தால் அதில் வந்து விழும். கல்லும் கல்லும் உரசினாலே பொறி வருமே! இவர் குழவியைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஓடிப்போய் அம்மியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எழும்பும்."

"ஏலாது."

"ஹனிபா பாத்துக்கொண்டு நிக்கிறார். விளையாடாதையும்."

"அரைக்கிறதெண்டால் என்னையும் சேர்த்து அரையுங்கோ. பேதுரு அண்ணர் தராசு பிடிக்கிறதைப் பாத்தனீங்கள்தானே? எனக்கு நெல்லு வேண்டாம். உங்கட கை ரெண்டும் வேணும்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஹனிபா நானா என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், குசினிக்குள் எரிகிற அடுப்பையும் பார்த்தார்.

"மாஸ்டர், நானும் யோசிக்காமச் சொல்லிட்டன். இந்தப் போகம் போனா அடுத்த போகம் இருக்கு. தங்கச்சிக்கு வேற மாஸ்டர் இல்லையே. தண்ணியில போடுவம்."

இவர் குழவியைக் கீழே வைத்தார். தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு டின்னைத் தூக்கி வாளித் தண்ணீருக்குள் தானே கவிழ்த்தார். நாலு குமிழி வந்தது. தண்ணீர் கறுத்தது. அவ்வளவுதான். ஒரு சத்தமும் இல்லை.

அப்பாடா! எனக்கு அப்போது வந்த மூச்சு, கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தெரியாமலே பிடித்து வைத்திருந்த மூச்சு. தேநீரில் இரட்டிப்புச் சீனி போட்டேன், கூப்பனுக்கு அளந்து தருகிற சீனி என்பதையும் மறந்து.

பன்றிகள் என்ன ஆயின என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த வெறும் டின்னைக் கழுவிக் கொடுத்தேன். ஹனிபா நானா அதைக் கொண்டுபோய், அயல் வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, வரப்புகளில் நெருப்பு மூட்டித் தகரம் அடித்தார். ஒரு மூலை போய்விட்டதுதான். மிச்சம் முழுவதும் நேற்று வெட்டி முடிந்தது. "டின்னுச் சத்தத்துக்கு அதுகள் திரும்பிப் பாக்காம ஓடிட்டு" என்று வந்து சொன்னார். உள்ளே மருந்து இருந்தபோது செய்யாத வேலையை வெறும் டின் செய்திருக்கிறது.

கலியாணத்தன்று இவர் என் காலைப் பிடித்து அம்மியில் வைத்தார். எதற்கென்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது — ஏறி உட்கார இடம் காட்டியிருக்கிறார்!